மறுமுனை

"மேடம், இது வாயே திறக்க மாட்டேங்குது" என்றார் சற்குணம்.

அணை நிரம்பிவிட்டதால் மதகுகளைத் திறந்துவிட்டு, அப்போதுதான் மழையில் சொட்டச் சொட்ட நனைந்து உள்ளே வந்தாள் ரெஜினா. அவரைவிட வயதில் சின்னவள். ஆனாலும் இந்த வேலையில் அவர் குருவாக ஏற்றுக்கொண்டது அவளைத்தான்.

ஆற்றோரக் குடியிருப்பில் அபாயச் சங்கை ஊத வைக்கும் கணினி, அணைக்கட்டின் இந்த அறையில் இருந்தது. அது உறைந்துபோயிருந்தது. அதற்கென்று திரை கிடையாது. மடிக்கணினியிலிருந்து யுஎஸ்பி சீரியல் கேபிளைச் செருகித்தான் அதனோடு பேச வேண்டும்.

செருகியிருந்தார். திரையில் ஓர் எழுத்துகூட வரவில்லை.

"என்னெல்லாம் செஞ்சீங்க?"

"அது பேசுற வேகத்தை மாத்தினேன். டிரைவரை மறுபடி ஏத்தினேன். கேபிளையும் மாத்திட்டேன்."

"போன்?"

"காலையிலேயே போச்சு."

ரெஜினா கேபிளின் நுனியைச் சங்குக் கணினியிலிருந்து உருவினாள். காகிதக் கிளிப் ஒன்றை நிமிர்த்தி, நுனியில் எழுத்தை அனுப்பும் ஊசியையும் வாங்கும் ஊசியையும் அதனால் சேர்த்துப் பிடித்தாள்.

"ஏதாவது தட்டுங்க."

தட்டினார். தட்டிய எழுத்துகள் திரையில் வந்தன. சற்குணத்தின் முகம் மலர்ந்தது.

"பேசுது, மேடம்!"

"யார் பேசுறது?"

அவர் திரையைப் பார்த்தார். அவர் தட்டிய அவர் பெயரே அதில் திரும்பி வந்திருந்தது.

"நான்தான்" என்றார், குரல் இறங்கி.

கிளிப்பை எடுத்துவிட்டுக் கேபிளைத் திரும்பச் செருகினாள். எண்டரை அழுத்தினாள். ஒன்றும் வரவில்லை. சங்குக் கணினியை அணைத்து மறுபடி போட்டாள். அப்போதும் வரவில்லை.

"நம்ம பக்கம் எல்லாம் சரியா இருக்கு, அண்ணே."

"அப்போ அந்தப் பக்கம்..."

ரெஜினா ஜீப் சாவியை எடுத்தாள்.

"இன்னொரு கேபிள் பீரோவுல கிடக்கு. ஒரே ஒரு தடவை பார்த்துடட்டுமா?"

அவள் வாசலைத் தாண்டியிருந்தாள். சற்குணம் செருப்பில்லாமல் பின்னால் ஓடினார்.

குடியிருப்பில் கதவு கதவாக இடித்தார்கள். தொண்டை கிழியக் கத்தினார்கள். மேட்டுத் தெருக்காரர்கள் பள்ளிக்கூட மாடிக்கு ஓடினார்கள். பள்ளத்துத் தெருவுக்குப் போவதற்குள் வெள்ளம் முந்திக்கொண்டது. இடுப்பளவு தண்ணீரில் கைக்கு எட்டியவர்களை மட்டும் இழுத்து வந்தார்கள்.

மாடியில் சற்குணம் சுவரோரம் சரிந்து உட்கார்ந்தார். கீழே கூரைகள் மிதந்து போயின.

"அந்தக் கணினியை விட்டு நான் எப்போ எந்திரிச்சிருக்கணும், மேடம்?"

ரெஜினா தன் இடுப்பில் நடுங்கிக்கொண்டிருந்த பெண் குழந்தையை அவர் மடியில் வைத்தாள்.

"யார் வீட்டுப் பிள்ளை?"

"எல்லார்கிட்டயும் கேட்டுட்டேன், அண்ணே. யாரும் எங்க பிள்ளைன்னு சொல்லலை."