கன்றடியில் நின்ற பண்ணையார்

நத்தம் பக்கத்துப் பண்ணையார் உலகநாதருக்கு, தோப்புக் காவல்காரன் சடையனை விரட்டிவிட்டு அவன் இருந்த தோப்புக் குடிசையில் தன் மச்சானைக் குடிவைக்க ஆசை. அதற்கொரு சாக்கு வேண்டுமே!

"சடையா, வெட்டிப் போட்ட புதர் எட்டாம் நாள் தோப்புல கண்ணுல படக் கூடாது. ஒரு குச்சிகூட வெளிய போகக் கூடாது. எரிக்கவும் கூடாது. தவறினா குடிசையைக் காலி பண்ணு."

"சரிங்க எசமான்."

பழனிக்கு மாலை போட்டிருந்த பண்ணையார், எட்டாம் நாள் பங்குனி வெயிலில் செருப்பில்லாமல் ஊர்த்தலைவரோடு வந்தார். சுடும் மண்ணில் குதித்துக் குதித்துத் தோப்பெல்லாம் தேடினார். புதரும் இல்லை, சாம்பலும் இல்லை. நிழல்கூடத் தராத ஒரு மாங்கன்றின் அருகே நின்று கத்தினார்.

"பாத்தீங்களா தலைவரே, பய வித்துட்டான்! எங்கடா என் விறகு?"

"இங்கதான் எசமான். இவ்வளவு நேரம் குதிச்சீங்க, இங்க வந்ததும் நின்னுட்டீங்களே, ஏன்?"

பண்ணையார் குனிந்து பார்த்தார். மாட்டுக்குச் சோளத்தட்டை நறுக்கும் மெஷினில் நறுக்கிய புதர், காய்ந்து மண் நிறமாகி, கன்றைச் சுற்றி மெத்தைபோல் கிடந்தது. தலைவர் உள்ளே கையை விட்டார். அடியில் மண் ஈரமாக இருந்தது.

"கன்னுக்கும் இதே வெயில்தானே எசமான்" என்றான் சடையன்.

தலைவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "சடையனே இருக்கட்டும். வாங்க, போகலாம்."

பண்ணையார் வரவில்லை. வெயில் தாழும்வரை அந்தக் கன்றடியிலேயே நின்றார்.