வெள்ளைப் பட்டை தெரிந்தபோது

ஆற்றங்கரை நாணல் மேட்டில் ஒரு கவுதாரி இருந்தது. அது பொரித்த குஞ்சுகள் ஐந்து. இரண்டை ஐப்பசி மழை கொண்டுபோனது. இரண்டைக் கீரி கொண்டுபோனது. மிச்சம் ஒன்றே ஒன்று. அதுவும் எலும்பும் தோலுமாக இருந்தது.

அந்த மேட்டுக்குக் காவல் ஆள்காட்டிக் குருவி. வானத்தில் வளைந்த அலகோடு எது தெரிந்தாலும் அது கத்தும். உடனே எல்லாப் பறவைகளும் புதருக்குள் ஓடிவிடும். யாரும் கேட்காமலே அது செய்துவந்த வேலை. நன்றி சொல்லத்தான் ஆள் இல்லை. குறை சொல்ல நிறையப் பேர் இருந்தார்கள்.

"என்னண்ணே இது! விடிஞ்சதிலிருந்து ஏழு தடவை ஓடி ஒளிஞ்சாச்சு! என் பிள்ளை எப்போ கரையான் பொறுக்கும்? எப்போ வயிறு நிறையும்?" என்று கவுதாரி ஆள்காட்டியிடம் அழாத குறையாகக் கேட்டது.

கருவேல மரத்தில் இருந்த மைனாவுக்கு இது போதாதா! பருந்து வகை எல்லாம் தனக்கு அத்துப்படி என்று சொல்லிக்கொள்ளும் மைனா அது.

"வந்தது யாருன்னு பார்த்துட்டா கத்துனே? தலை வெள்ளையா இருந்தா செம்பருந்து. அது செத்த மீனைத் தேடிப் போயிடும். ஆத்துக்கு நேர் மேலே நின்னா விராலடிப்பான். அது மீனைத்தான் பிடிக்கும், கவுதாரியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. இதுங்களுக்கெல்லாமா ஓடுறது? இனிமே பேர் தெரிஞ்ச பிறகுதான் கத்தணும்!"

"பேர் தெரியலைன்னா?" என்றது ஆள்காட்டி.

"என்னைக் கேளு! நான் எதுக்கு இருக்கேன்?"

"ஆமாண்ணே, அப்படியே செய்ங்க" என்று கவுதாரியும் சொன்னது. பிள்ளையின் பசி அதன் கண்ணை மறைத்துவிட்டது, பாவம்.

மூன்று நாள் நன்றாகவே போயிற்று. குஞ்சு வயிறு நிறையத் தின்றது. கழுத்தில் புது இறகுகூட அரும்பியது. மைனாவுக்குத் தலைகால் புரியவில்லை.

நான்காம் நாள் காலை. வயல் பக்கமிருந்து ஒரு பறவை வந்தது. நெற்கதிரைத் தொடுகிற மாதிரி தாழ்வாக, இறக்கைகளைத் தூக்கி வைத்துக்கொண்டு, ஆடி ஆடி வந்தது. அப்படி ஒன்றை ஆள்காட்டி பார்த்ததே இல்லை. ஏதோ ஆபத்து என்று அதன் மனதில் பட்டது. கத்த வாயைத் திறந்தது.

"கத்தாதே! பேரைச் சொல்லு முதல்ல!" என்று மைனா அதட்டியது.

"எனக்குத் தெரியலையே! நீ சொல்லு, சீக்கிரம்!"

மைனா தலையைச் சாய்த்துச் சாவகாசமாகப் பார்த்தது. "வல்லூறு இல்லை. அது இவ்வளவு நேரம் மிதக்காது. கரும்பருந்தும் இல்லை. வால்ல பிளவைக் காணோம். பூனைப்பருந்தா இருக்கலாம். அப்படின்னா வாலடியில வெள்ளைப் பட்டை இருக்கும்."

"பட்டை ஒண்ணும் தெரியலையே!"

"முன்னாலிருந்து எப்படித் தெரியும்? அது திரும்பட்டும். பொறு!"

ஆள்காட்டி பொறுத்தது. கீழே கவுதாரியும் குஞ்சும் சாணக் கட்டியைப் புரட்டிக் கரையான் பொறுக்கிக்கொண்டிருந்தன. காவல்காரன் கத்தவில்லையே, பிறகென்ன பயம் என்று நிம்மதியாக இருந்தன.

அந்தப் பறவை மேட்டுக்கு வந்தது. சட்டென்று இறங்கியது. எழுந்து திரும்பியது. வாலடியில் வெள்ளைப் பட்டை பளிச்சென்று தெரிந்தது.

"பார்த்தியா! பூனைப்பருந்தேதான்! நான் சொன்னேன்ல!" என்று மைனா குதித்தது.

பூனைப்பருந்தின் நகங்களில் குஞ்சு தொங்கிக்கொண்டிருந்தது.

கவுதாரி கொஞ்ச தூரம் பின்னாலேயே ஓடியது. பிறகு நின்றுவிட்டது. ஆள்காட்டி அதன் அருகே வந்து, "பேர் தெரியலை தாயி, அதான்..." என்று தடுமாறியது.

"நான் பேரா கேட்டேன்?" என்றது கவுதாரி. அதில் கோபம்கூட இல்லை. சாயங்காலத்துக்குள் அது மேட்டை விட்டுப் போய்விட்டது. எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது.

மைனாவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கதை சொல்கிற எனக்குத்தான் இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. ஆள்காட்டியோ அதன் பிறகு நாய் வந்தாலும் கத்தியது, காக்கை பறந்தாலும் கத்தியது. கேட்டு ஓடி ஒளிய அந்தக் குஞ்சு மட்டும் இல்லை.

ஆபத்து வருகிறது என்று மனதில் பட்டதுமே எச்சரித்துவிட வேண்டும்; அது இன்னதென்று நிச்சயமாகத் தெரியும்வரை காத்திருந்தால், தெரியும் நேரத்தில் காப்பாற்ற எதுவும் மிஞ்சியிருக்காது.