பதினெட்டு அலகு மடக்குக் கத்தி

தேனூர்க்கோட்டை என்று ஒரு நாடு இருந்தது. கோட்டைதான் பெரிது, நாடு சின்னது. கோட்டைக் கதவை முழுக்கத் திறந்தால் பாதிக் கதவு அடுத்த நாட்டில் போய் நிற்கும். அதை ஆண்ட அதிவீரகண்டருக்கு வீரம் எவ்வளவோ தெரியாது, மீசை மட்டும் இரண்டு முழம்.

ஒருநாள் கடல் கடந்து வந்த வணிகன் ஒருவன் அவருக்கு ஒரு மடக்குக் கத்தியைக் காணிக்கை வைத்தான். விரல் நீளம்தான் இருக்கும். பிரித்தால் கத்தி, கத்தரி, ரம்பம், அரம், ஊசி, முள்வாங்கி, நெம்புகோல், காதுக் குறும்பி எடுக்கும் குட்டிக் கரண்டி என்று பதினெட்டு அலகு வரும். அரசருக்குத் தலைகால் புரியவில்லை. மாம்பழம் சீவினார். ஓலைக்கட்டின் கயிற்றை அறுத்தார். காலில் தைத்த முள்ளை எடுத்தார். பிறகு முள் தைக்காத காலிலும் எடுத்தார்.

பிரதானி திருமேனியார் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அடுத்தவன் சோற்றில் மண்ணைப் போடாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

"அரசே, இந்தக் கத்தியால் ஆகாத வேலையே கிடையாது. இனி நாவிதன் கத்தி, அரிவாள்மணை, தச்சன் உளி எல்லாம் எதற்கு? கிணற்றில் போடச் சொல்லுங்கள். பாதி ஆட்களையும் அனுப்பிவிடலாம்."

"பேஷ்!" என்றார் அரசர். கருவிகள் எல்லாம் கிணற்றில் விழுந்தன.

அரசவையில் வாஞ்சியப்பன் என்று ஒருவன் இருந்தான். அவனுக்கென்று வேலை எதுவும் இல்லை, வாய் மட்டும் உண்டு. "அரசே, வழிப்பயணத்துக்கு இதைப் போல ஒரு பொருள் கிடையாது. ஆனால் அரண்மனை என்ன வழிப்பயணமா?" என்றான்.

அரசருக்குச் சுருக்கென்றது. "இந்தக் கத்தியால் முடியாத வேலை ஒன்றை நாளை உச்சிக்குள் காட்டு. காட்டாவிட்டால் அந்த ஆட்களோடு நீயும் எல்லையைத் தாண்டு."

"எல்லை வாசலிலேயே இருக்கிறது, தாண்டுவதில் சிரமம் இல்லை" என்றான் வாஞ்சியப்பன். "ஒரே ஒரு விண்ணப்பம். கத்தி ஒன்று, வேலை நூறு. ஆளாளுக்குப் பிடுங்குவார்கள். ஒரு வேலைக்கு ஒரு நாழிகை, மணி அடித்ததும் கத்தி அடுத்த வேலைக்குப் போக வேண்டும் என்று ஆணை போடுங்கள்."

அரசர் முத்திரை வைத்தார். தேனூர்க்கோட்டையில் ஒரு வழக்கம் உண்டு. முத்திரை விழுந்த ஆணையை அரசரே மீறக்கூடாது. இதை அரசர் மறந்துவிட்டார், வாஞ்சியப்பன் மறக்கவில்லை.

வெளியே அரண்மனை நாவிதன் சடையன் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதான். "சாமி, சவரத்த விட்டா எனக்கு என்ன தெரியும்? புள்ளைகுட்டியோட எங்க போவேன்?"

"அழாதே சடையா" என்றான் வாஞ்சியப்பன். "நாளைக்கு அடுத்த நாட்டு அரசர் விருந்துக்கு வருகிறார். ராசாவின் மீசையை நீதானே திருத்தணும்? பதறாமல், நிதானமாத் திருத்து."

மறுநாள் காலை சடையன் அந்த மடக்குக் கத்தியின் கத்தரியால் நிதானமாகத்தான் திருத்தினான். இடப்பக்கத்து மீசை அழகாகக் குறுகியது. வலப்பக்கத்தில் கை வைக்கும்போது மணி அடித்தது.

நான்கு பேர் உள்ளே வந்தார்கள். அரசரின் கத்தியாயிற்றே, சும்மா எடுத்துப் போக முடியுமா? பல்லக்கில் வைத்தார்கள். குடை பிடித்தார்கள். கொம்பு ஊதினார்கள். ஊர்வலம் யானைக் கொட்டடிக்குப் புறப்பட்டது.

"டேய், என் மீசை!" என்று கத்தினார் அரசர்.

"முத்திரை வைத்த ஆணை, அரசே" என்றான் வாஞ்சியப்பன்.

ஒரு நாழிகை கத்தி யானையின் நகத்தை அராவியது. அடுத்த நாழிகை மடைப்பள்ளியில் விருந்துக்காகப் பலாப்பழம் அறுத்தது. அதற்குள் கோட்டை வாசலில் முரசு கொட்டிவிட்டார்கள். விருந்தாளி வந்துவிட்டார்! அரசர் வலப்பக்க மீசையைக் கையால் மூடிக்கொண்டு கண்ணாடி முன்னால் அங்கும் இங்கும் நடந்தார்.

கடைசியில் பல்லக்கு திரும்பி வந்தது. சடையன் கத்தியைப் பிரித்துப் பார்த்தான். நகத்தால் நெம்பினான், பல்லால் இழுத்தான். அசையவில்லை. பதினெட்டு அலகும் பலாப்பிசினில் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருந்தன.

"பிரதானியாரே, திறங்கள்!" என்றார் அரசர். பிரதானி இழுத்தார். கத்தி விரலோடும் ஒட்டிக்கொண்டது.

"இதை நெம்பித் திறக்க ஏதாவது கருவி இல்லையா?" என்று அலறினார் அரசர்.

"இருக்கிறது அரசே. அருமையான நெம்புகோல்" என்றான் வாஞ்சியப்பன்.

"எங்கே?"

"அந்தக் கத்திக்குள்ளே."

வாஞ்சியப்பன் கைகூப்பினான். "முடியாத வேலை ஒன்றைக் காட்டச் சொன்னீர்கள். உச்சிக்கு இன்னும் நேரம் இருக்கிறது."

அரசர் கண்ணாடியைப் பார்த்தார். இடப்பக்கம் ஓர் அரசரும் வலப்பக்கம் அவருடைய தாத்தாவும் தெரிந்தார்கள். முதலில் முறைத்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஒருவரும் போக வேண்டாம்! சடையா, உன் பழைய கத்தி எங்கே?"

"கெணத்துல கெடக்குங்க ராசா. மன்னிக்கணும், கத்தரி மட்டும் இடுப்புல இருக்கு. கூடப் பொறந்தது மாதிரி, போட மனசு வரல."

மீசை சமமானது. அரசர் தம் முத்துமாலையைக் கழற்றி வாஞ்சியப்பன் கழுத்தில் போட்டார். "எண்ணெய் போட்டு அந்தக் கத்தியைச் சுத்தம் செய்யுங்கள். வேட்டைக்குப் போகும்போது இடுப்பில் வைத்துக்கொள்கிறேன். அது சரி, கிணற்றில் கிடக்கும் கருவிகளை எப்படி எடுப்பது?"

"கவலை எதற்கு அரசே? தண்ணீரை இறைத்துவிட்டால் போகிறது" என்றான் வாஞ்சியப்பன். "இந்தக் கத்தியால் ஆகாத வேலையே கிடையாது என்று பிரதானியார்தானே சொன்னார்? குறும்பிக் கரண்டியைப் பிரித்து அவர் கையிலேயே கொடுங்கள்."