மடிக்குள் குலுங்கிய சலங்கை

முன்னொரு காலத்துல, ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரு. அங்கே ஒரே வீட்டுக்குள்ள ரெண்டு ஓரகத்திங்க. மூத்தவ செங்கமலம், இளையவ தைலம்மா. ஓரகத்தின்னா அண்ணன் பொண்டாட்டியும் தம்பி பொண்டாட்டியும். அதுக்கு மேல விளக்கம் வேணுமானா உங்கம்மாவைக் கேளு, ஒரு மணி நேரம் சொல்லுவா.

செங்கமலத்துப் பொண்ணு பவளம். தைலம்மா பொண்ணு வேம்பு. ஒருநாள் ராஜா தண்டோரா போட்டார்: "அடுத்த தேர்த்திருவிழாவுல நல்லா ஆடுற பொண்ணு தேருக்கு முன்னால ஆடலாம். அவளைப் பெத்தவளுக்கு ராணி பக்கத்துல மணை!"

அந்த மணையை நினைச்சு செங்கமலத்துக்குச் சோறு இறங்கல. தான் உக்காரணும்கிறதை விட தைலம்மா உக்காரக் கூடாதே!

ஊர்ல ரெண்டு ஆட்டப் பள்ளிக்கூடம். ரெண்டு பேரும் சேர்ந்தே பாக்கப் போனாங்க. கீழத்தெருவுல ஆளுயரக் கண்ணாடி, பட்டு விரிப்பு. "சேர்ந்த அன்னைக்கே சலங்கை கட்டிடுவோம்"னார் வாத்தியார். மேலத்தெருவுல வெறும் கல்லுத்தரை. "முதல்ல முட்டியை மடக்கி அரைமண்டியில உக்காந்து காலைத் தட்டட்டும். காலு பேசினப்புறம்தான் சலங்கை"ன்னா வாத்தியாரம்மா.

தைலம்மா அங்கே ஆடுற பிள்ளைங்க காலையே பார்த்துக்கிட்டு நின்னா. "அக்கா, எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு."

"உனக்கு இதுதான்டி லாயக்கு"ன்னுட்டு செங்கமலம் கீழத்தெருவுக்கு நடையைக் கட்டினா.

ஒரு மாசம் ஆச்சு. செங்கமலம் மேலத்தெரு பள்ளிக்கூடச் சுவத்து மேல எட்டிப் பார்த்தா. உள்ளே வேம்பு தட்டுறா, பக்கத்துல தைலம்மா. தை யா தை! "ஏண்டி தைலம்மா, சலங்கை கட்டியாச்சா?" "இல்லக்கா."

ஆறு மாசம் ஆச்சு. மறுபடி எட்டிப் பார்த்தா. தை யா தை! "இன்னுமா கட்டல?" "இல்லக்கா."

அப்புறம் ஒருநாள் மாமியார்க்காரி சும்மா இருக்காம, "பவளம் ஆடினா சலங்கைதான் கேக்குது, வேம்பு ஆடினா காலு கேக்குது"ன்னுட்டா. செங்கமலம் கையில இருந்த கரண்டியை நங்குன்னு வெச்சுட்டு எழுந்து போயிட்டா.

பத்தாம் மாசம் மூணாந்தரம் எட்டிப் பார்த்தா, அங்கே பூஜை பண்ணி வேம்பு காலுல புதுச் சலங்கை கட்டிக்கிட்டு இருந்தாங்க. அவ்வளவுதான்!

தேர்த்திருவிழா வந்துது. கூட்டத்துல யாரும் பாக்காத நேரம், வேம்பு கட்டிக்க எடுத்து வெச்சிருந்த சலங்கையைச் செங்கமலம் துணியில சுத்தி மடியில சொருகிக்கிட்டா. அசைஞ்சா சத்தம் வரும்னு கல்லாட்டம் உக்காந்தா. மூக்குல ஈ உக்காந்தா கூட ஓட்டல.

வேம்பு அழுதுகிட்டே, "மகாராஜா, என் சலங்கையைக் காணோம்."

ராஜா சொன்னார்: "ஒருத்திக்கு இருந்து ஒருத்திக்கு இல்லேன்னா நான் எப்படி நிதானிக்கிறது? பவளம், நீயும் கழட்டு."

போச்சு! பவளம் ஆடினா. காலு ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம். பாவம், காலைக் குலுக்கினா போதும்னு சொல்லிக் கொடுத்தவரைச் சொல்லணும். அப்புறம் வேம்பு வந்தா. தை யா தை! ஒன்பது மாசம் சலங்கையே இல்லாம தட்டின காலு, கல்லுத்தரை பேசுற மாதிரி கேட்டுது. மிருதங்கக்காரர் கையை எடுத்துட்டுக் கேட்டார்.

"வேம்புதான்! தைலம்மா, வாம்மா, மணையில உக்காரு"ன்னா ராணி.

"அவளா!"ன்னு துள்ளி எழுந்தா பாரு செங்கமலம், ஜல்!

ஊரே திரும்பிச்சு. ஒரு அடி பின்னால வெச்சா, ஜல்! ஓடப் பார்த்தா, ஜல் ஜல் ஜல்!

ராணி சிரிச்சுட்டா. "உனக்கு அவ்வளவு ஆசையா? அடுத்த தேரு வரைக்கும் காலுல கட்டிக்கோ. வேம்புக்கு நான் புதுசு தரேன்."

அன்னையிலேர்ந்து செங்கமலம் எந்தச் சுவத்துகிட்ட போனாலும், அவ எட்டிப் பாக்கிறதுக்கு முன்னாலயே உள்ளேர்ந்து குரல் வரும்: "வாங்கக்கா, வாங்க!"

அதனால பள்ளிக்கூடம் தேடறப்ப கண்ணாடியைப் பாக்காதே, காலைப் பாரு. அடுத்த வீட்டுப் பொண்ணைப் பாக்கவே பாக்காதே. தேரு நிலைக்கு வந்துடுச்சு, கதையும் வந்துடுச்சு. போய்ப் படு.