மாதம் ஒரு புது எண்

தென்காசிப் பக்கம் ஒரு சிற்றூரில் கூட்டுறவு நாணயச் சங்கம் ஒன்று இருக்கிறது. வேலை பார்ப்பவர்கள் மூன்று பேர்: செயலாளர் ஆவுடையப்பன், எழுத்தர் செல்லக்கனி, கவுன்ட்டரில் பீர்முகம்மது. மூவரும் நல்லவர்கள். அதனால்தான் இந்தக் கதையில் தீர்ப்புச் சொல்வது சிரமமாக இருக்கிறது.

சங்கத்துக்குப் புது மென்பொருள் வந்தபோது அதனோடு ஒரு விதியும் வந்தது. உறுப்பினர் தன் போன் நம்பரை மாற்றினால், எழுத்தர் அந்தப் புது நம்பரை அழைத்துப் பெயர், பிறந்த தேதி, உறுப்பினர் எண், தாயார் பெயர் நான்கையும் கேட்க வேண்டும். பதில்கள் ஒத்துப்போனால்தான் திருத்தம் ஏறும். அதே பக்கத்தில் இரண்டாவது நம்பருக்கும் ஒரு கட்டம் உண்டு. பெரும்பாலோர் அதைக் காலியாகவே விட்டுவிடுவார்கள்.

கோமதிநாயகம் ரயில்வேயில் கேட் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து ஆறு வருஷம். பிள்ளைகள் இல்லை. ஒரு மாதம் ஐந்தாம் தேதி விண்ணப்பத்தோடு வந்தார்.

"பழைய சிம் போயிட்டும்மா. இது புது நம்பர்."

"இப்பவே அடிச்சுப் பார்த்திரட்டுமா அண்ணாச்சி?" என்று செல்லக்கனி கேட்டாள்.

"வேண்டாம்மா. வீட்டுக்குப் போயிருதேன். நாலு மணிக்கு அடிங்க."

நாலு மணிக்கு அடித்தாள். பெயரை நிதானமாகச் சொன்னார். பிறந்த தேதியோடு அது ஐப்பசி மாதம், அன்று நல்ல மழை என்பதையும் சொன்னார். தாயார் பெயர் உலகம்மாள் என்றவர், அவளுக்குத் தவில் சத்தம் கேட்டால் பயம் என்றார். செல்லக்கனி சிரித்தாள். அவரும் சிரித்தார். அரை நிமிட வேலைக்கு நாலு நிமிடம் ஆனது.

அடுத்த மாதம் ஐந்தாம் தேதி மறுபடியும் வந்தார். நம்பர் மாறிவிட்டது என்றார். அதற்கடுத்த மாதமும் வந்தார்.

ஏழாவது மாதம் செல்லக்கனி திரையில் பழைய நம்பர்களின் வரிசையைத் திறந்து பார்த்தாள். இரண்டே நம்பர்கள்தான் மாறி மாறி வந்திருந்தன. சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பக்கத்தை மூடிவிட்டு, நாலு மணிக்காகக் காத்திருந்து, அதே நான்கு கேள்விகளையும் முதல் முறை கேட்பவள் போலக் கேட்டாள். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

அந்த வருஷம் சங்கம் உறுப்பினர்களுக்காகக் கண் சிகிச்சை முகாம் ஒன்றுக்கு ஏற்பாடு செய்தது. திருநெல்வேலியில் ஒரு மருத்துவமனையோடு பேசி, ஒன்றாம் தேதி பெயர்களையும் நம்பர்களையும் அனுப்பிவைத்தார்கள். கோமதிநாயகத்துக்கு வலது கண்ணில் புரை. ஐந்தாம் தேதி அவர் வழக்கம்போல் நம்பரை மாற்றினார். பத்தாம் தேதி, முகாம் ஒரு வாரம் தள்ளிப்போன செய்தி மருத்துவமனையிடம் இருந்த அவருடைய முந்தைய நம்பருக்குப் போனது. அந்த சிம் வீட்டு அலமாரியில் ஒரு பவுடர் டப்பாவுக்குள் கிடந்தது.

குறித்த நாளில் அவர் முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய், மருத்துவமனை பெஞ்சில் மதியம் இரண்டு மணி வரை உட்கார்ந்திருந்தார். முகாம் இன்றைக்கு இல்லை என்று காவலாளி சொன்ன பிறகுதான் எழுந்தார். இதை அவர் குறையாகச் சொல்லவில்லை. மறுநாள் பீர்முகம்மது விசாரித்தபோது, "போனேன், வந்தேன்" என்றார். மறுவாரம் தனியாகவே போய் அறுவை செய்துகொண்டு, கண்ணில் கட்டோடு பஸ்ஸில் திரும்பினார்.

விஷயம் காதுக்கு வந்ததும் ஆவுடையப்பன் அவருடைய பதிவை எடுத்துப் பார்த்தார். "இந்த மனுஷனுக்கு ஒரு அவசரம்னா எந்த நம்பருக்குச் சொல்றது?" என்று கேட்டார். அது நியாயமான கேள்வி. வருஷத்துக்கு ஒருமுறைதான் நம்பர் மாற்றலாம் என்று அந்தப் பக்கத்தைப் பூட்டினார். செல்லக்கனி அன்று மாலை பீர்முகம்மதுவிடம் மட்டும் உண்மையைச் சொன்னாள்.

அடுத்த ஐந்தாம் தேதி கோமதிநாயகம் விண்ணப்பத்தோடு வரிசையில் நின்றார். அவருக்குப் பின்னால் நாலைந்து பேர். பீர்முகம்மது காகிதத்தை வாங்கவில்லை. அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, பேச ஆளு வேணும்னா என்கிட்ட சொல்லுங்க. நானே தினமும் போன் அடிக்கேன். இதுக்குப் போயி நம்பரை மாத்திக்கிட்டு அலையலாமா?"

சொல்லும்போதே பீர்முகம்மதுவுக்குக் கண் கலங்கிவிட்டது. பின்னால் நின்ற ஒரு பெண் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"எனக்குப் பேச ஆளில்லைன்னு யாரு சொன்னா?" என்றார் கோமதிநாயகம், தணிந்த குரலில். விண்ணப்பத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினார்.

அன்று மாலை பீர்முகம்மது அழைத்தார். ஒன்பது நாள் தொடர்ந்து அழைத்தார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

ஐந்தாம் தேதிகள் பல போயின. கோமதிநாயகம் சங்கத்துப் பக்கம் வரவில்லை. ஜனவரியில் எல்லா உறுப்பினர்களுக்கும் நடக்கும் ஆண்டுச் சரிபார்ப்பு வந்தது. செல்லக்கனி அவர் நம்பரை நாலு மணிக்கென்றே ஒதுக்கி வைத்திருந்து அடித்தாள். முதல் மணியிலேயே எடுத்தார். அவள் கேட்பதற்கு முன்பே பெயர், பிறந்த தேதி, உறுப்பினர் எண், தாயார் பெயர் நான்கையும் கடகடவென்று சொல்லி முடித்தார். மழையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"வச்சிரட்டுமாம்மா?" என்றார்.

"சரிங்க அண்ணாச்சி" என்றாள்.

தெரிந்தும் தெரியாததுபோல் அழைத்துவந்தவள் செல்லக்கனி. அவருடைய நன்மைக்காக நம்பரைப் பூட்டியவர் ஆவுடையப்பன். மறைக்காமல் நேரே பேசியவர் பீர்முகம்மது. இந்த மூவரில் யார் செய்தது சரி?

நான் செல்லக்கனி பக்கம். கோமதிநாயகம் பெஞ்சில் காத்திருந்த நாளுக்கு அவளும் பொறுப்புத்தான். அந்த இரண்டாவது கட்டத்தில் அவருடைய இன்னொரு நம்பரையும் எழுதியிருந்தால் அது நேர்ந்திருக்காது. ஆவுடையப்பனுக்கும் அந்த ஒரு வரியே போதுமாக இருந்திருக்கும், பூட்டு வேண்டியிருந்திருக்காது. பீர்முகம்மது கொடுக்க நினைத்தது பெரிது. ஆனால் நாலு பேர் முன்னால் கொடுத்தார். வாங்கிக்கொள்ளக் கை நீட்டக் கோமதிநாயகத்தால் முடியவில்லை. தன் தனிமையைக் காட்டாமல் ஒரு குரலைக் கேட்க கோமதிநாயகம் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். அந்த வழியிலேயே போய் அவரைத் தொட்டவள் செல்லக்கனி ஒருத்திதான். ஆனால் ஜனவரியில் அவர் "வச்சிரட்டுமா" என்று கேட்டபோது, "இருங்க அண்ணாச்சி, கண்ணு இப்ப எப்படியிருக்கு?" என்று அவள் கேட்டிருக்கலாம். அன்றைக்கு அவள் செய்தது சரியில்லை.