கினு ஒட்டிய காகித மாடு

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னாலே, ஜப்பான் தேசத்திலே, பனிமலை அடிவாரத்தில் கினு என்று ஒருத்தி இருந்தாள். காகித பொம்மை செய்வது அவள் தொழில். மர அச்சின் மேல் பசை தடவிக் காகிதம் ஒட்டுவாள். காய்ந்ததும் முதுகில் கத்தியால் கீறி, அச்சை உருவிவிட்டு, கீறலை மூடி வண்ணம் பூசுவாள். நாய், புலி, குருவி எல்லாம் அவள் கையில் பிறக்கும். அச்சு செதுக்குகிறவன் அவள் புருஷன் தோமெசோ.

ஒருநாள் அச்சுக்கு மரம் வெட்டப் போன தோமெசோ திரும்பவில்லை. கினு தேடிப் போனாள். மலையுச்சியில் ஒரு மந்திரவாதி நின்றான். அவன் பக்கத்தில் ஒரு மரமாடு. அதன் கண் மட்டும் ஈரமாக இருந்தது.

“உன் புருஷன் என் மரத்தில் கோடாலி வைத்தான். அவனையே மரமாடாக்கிவிட்டேன்!”

“தெரியாமல் செய்துவிட்டார் ஐயா. கொடுத்துவிடுங்கள்.”

“முடிந்தால் நீயே வெளியே எடு. ஆனால் இரும்பு இந்த மரத்தில் பட்டால் அவன் உயிர் போய்விடும்!”

“காகிதத்தில் படலாமா ஐயா?”

“படட்டுமே!” என்று சிரித்தான் அவன்.

கினு வீட்டுக்கு ஓடிக் காகிதமும் பசையும் கத்தியும் கொண்டுவந்தாள். மாட்டின் முதுகில் இடதுகை விரலை நீட்டி வைத்து, விரலையும் சேர்த்து ஒட்டினாள்.

முதல் சுற்று ஒட்டினாள். காற்று அடித்தது. “வந்துடுவீங்க,” என்றாள்.

இரண்டாம் சுற்று ஒட்டினாள். பனி கொட்டியது. “வந்துடுவீங்க,” என்றாள்.

மூன்றாம் சுற்று ஒட்டினாள். விரல் மரத்துப்போனது. கையை எடுக்கவில்லை. “வந்துடுவீங்க!”

வெயில் வந்து காகிதம் காய்ந்தது. விரலுக்கு நேர் மேலே கத்தியை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கீறினாள். கத்தி விரலில்தான் இறங்கியது. மரத்தைத் தொடவே இல்லை. ரத்தம் சொட்டச் சொட்ட, இரண்டு கையாலும் காகிதத்தைப் பிளந்தாள்.

உள்ளே மரம் இல்லை. தோமெசோ நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“வலிக்குதா கினு?”

“இப்போ இல்லைங்க.”

மந்திரவாதி சிரிக்கவில்லை. தன் மேலங்கியைக் கழற்றித் தோமெசோவின் தோளில் போர்த்தினான். “இனி வேண்டிய மரத்தைக் கேட்டு வாங்கிக்கொள் அப்பா,” என்றான்.

இருவரும் கைகோத்து இறங்கினார்கள். அன்று அவர்கள் அடுப்பில் கஞ்சி கொதித்தது. கேட்ட நம் வயிறும் குளிரட்டும்!