பழைய பாலிசியை விடாத கை

மணியாரம்பட்டி பேண்டு செட்டில் நான்கு பேர். கிளாரினெட் தவசிமணி தலைவர். பிச்சைக்கனி ட்ரம்பெட், சூசைராஜ் பெரிய டிரம், இருளப்பன் சின்ன டிரம். இவர்களில் யாருக்கும் தனியாக ஒரு யோசனை வந்ததாக ஊரில் தகவல் இல்லை. வந்தால் நான்கு பேருக்கும் சேர்ந்துதான் வரும்.

அவர்கள் தொழிலில் ஒரே ஒரு சட்டம். பாட்டை முடிக்க வேண்டிய இடத்தில் தவசிமணி வலது கையை உயர்த்துவார். கை இறங்கினால் எல்லோரும் நிறுத்த வேண்டும். இறங்காவிட்டால் நிறுத்தக் கூடாது. ஒரு கல்யாணத்தில் உயர்த்திய கையாலேயே அவர் தூரத்தில் நின்ற சின்ன மாமனாரைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். மாமனாருக்குப் பார்வை மந்தம். தாலி கட்டியாகி, கடைசிப் பந்தியும் எழுந்து, பந்தல்காரர்கள் மூங்கிலைப் பிரித்துக்கொண்டிருந்தபோதும் அதே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

ஆவணியில் பிச்சைக்கனிக்கு அடிவயிற்றில் ஒரு புடைப்பு தெரிந்தது. டாக்டர் குடலிறக்கம் என்றார். "ட்ரம்பெட்டை ஊதி ஊதி வந்திருக்கு. தை முகூர்த்தத்துக்கு முன்னால ஆபரேஷன் பண்ணிடுங்க. தள்ளிப்போட்டா ஆபத்து."

பயப்பட எதுவும் இல்லை. நெடுநிழல் ஹெல்த் என்ற கம்பெனியில் நான்கு பேரும் ஒன்பது வருஷமாக ஒரே மருத்துவக் காப்பீட்டு பாலிசியில் இருந்தார்கள். பிரீமியம் ஒருமுறையும் தவறியதில்லை. ஒரு காய்ச்சலுக்குக்கூட அவர்கள் கம்பெனியைத் தொந்தரவு செய்ததில்லை. ஆபரேஷனுக்குக் கம்பெனி பணம் கொடுத்துவிடும்.

ஐப்பசியில் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. மார்கழியில் பாலிசியைப் புதுப்பிக்க வேண்டும், பிரீமியம் கூடியிருக்கிறது என்று அதில் இருந்தது. கடைசியில் ஒரு வரி: "தங்களின் ஒன்பது ஆண்டு விசுவாசத்துக்கு நன்றி. இது கணினியில் தயாரிக்கப்பட்ட கடிதம். கையொப்பம் தேவையில்லை."

"பிரீமியம் கூடினது சரி. நன்றி சொல்றது யாரு?" என்றார் தவசிமணி.

இருளப்பன் கடிதத்தைத் திருப்பிப் பார்த்தான். "பேரு இல்லைண்ணே."

"பேரும் இல்லை, கையெழுத்தும் இல்லை. நாளைக்கு நாங்க சொல்லலைன்னு சொல்லிட்டா?"

"ஒன்பது வருஷமும் போச்சு" என்றான் சூசைராஜ்.

நன்றிக்குக் கையெழுத்து வாங்க நான்கு பேரும் டவுனுக்குப் போனார்கள்.

நெடுநிழல் ஹெல்த் கிளையில் அவர்களுக்கு முன்னால் ஒருவர் நின்றார். அன்றைக்குத்தான் கம்பெனியில் சேர்கிறார். கவுண்டரில் இருந்த பெண் அவரிடம் ரிப்பன் கட்டிய ஒரு பெட்டியைக் கொடுத்தாள். உள்ளே பிரஷர் பார்க்கும் மெஷின். அவர் அங்கேயே பிரித்துக் கையில் சுற்றிக்கொண்டார். அது ஒலி எழுப்பியது. சுருதி சுத்தமாக இருந்ததாகத் தவசிமணி பின்னால் சொன்னார்.

"எங்களுக்கும் உண்டா?" என்றார் தவசிமணி.

"அது புதுசா சேர்றவங்களுக்கு சார்."

"நாங்க ஒன்பது வருஷமா இருக்கோம்."

"அதான் சார். நீங்கதான் ஏற்கெனவே இருக்கீங்களே."

"இருக்கிறவங்களுக்கு என்ன கொடுப்பீங்க?"

அந்தப் பெண் யோசித்தாள். "நன்றி சொல்லுவோம் சார்."

"அதுல ஒரு கையெழுத்துப் போட்டுத் தர முடியுமா?"

முடியாது என்று சொல்லிவிட்டாள். நான்கு பேரும் வெளியே வந்தார்கள். எதிர்ச் சாரியில் புதுத்தளிர் ஹெல்த் என்று ஒரு போர்டு இருந்தது. அதிலும் அதே மெஷின் படம். அங்கே பத்மலோசனி என்ற ஏஜெண்டு அவர்களை உட்காரவைத்து மோர் கொடுத்தாள். அந்தக் கம்பெனியிலிருந்து இந்தக் கம்பெனிக்கு மாறிக்கொள்ளலாம், சட்டத்தில் இடம் இருக்கிறது என்றாள்.

"ரெண்டே விஷயம்ணே. பாரத்துல எதையும் மறைக்காம எழுதணும். அப்புறம், புது பாலிசி வர்ற வரைக்கும் பழைய பாலிசிப் பேப்பரைக் கையிலேயே வச்சிருங்க. எப்ப கேப்பாங்கன்னு சொல்ல முடியாது."

"எந்தக் கையில?" என்று கேட்டார் தவசிமணி.

பத்மலோசனி அவர் விளையாடுகிறார் என்று நினைத்து, "உங்களுக்கு எது வசதியோ" என்றாள்.

வலது கை பாட்டை நிறுத்துவதற்கு வேண்டும். ஆகவே அன்று சாயங்காலம் முதல் தவசிமணியின் இடது கையில் பாலிசி இருந்தது. மழைக்கு ஒரு பிளாஸ்டிக் கவரில் போடலாமே என்றான் பிச்சைக்கனி.

"போட்டா கை கவரைத்தானே பிடிச்சிருக்கும்? பேப்பரை எங்க பிடிச்சிருக்கு?" என்றார் தவசிமணி. பிச்சைக்கனி தன் அவசரத்துக்கு வருத்தம் தெரிவித்தான்.

தூங்கும்போது விரல் பிரிந்துவிடக் கூடாது என்று அவர் மனைவி செண்பகம் அந்தக் கையை ஒரு துண்டால் கட்டிவிட்டாள். "கல்யாணமான புதுசுல என் கையை இப்படிப் பிடிச்சதுண்டா இந்த மனுஷன்" என்று மட்டும் சொன்னாள்.

பாரத்தை எதையும் மறைக்காமல் எழுதினார்கள். இருளப்பன் ஏழு வயதில் பட்டாணி ஒன்றை மூக்கில் போட்டுக்கொண்டதையும், அது மூன்றாம் நாள் தும்மலில் வெளியே வந்ததையும் எழுதினான். சூசைராஜ் தனக்கு வராத நோய்களையும் பெயர் தெரிந்தவரை எழுதி, பக்கத்தில் "இன்னும் இல்லை" என்று போட்டான்.

பிறகு புதுத்தளிர் ஹெல்த் அவர்களை ஒரு மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பியது. எக்ஸ்ரே அறைக்குள் முதலில் தவசிமணி போனார். மற்ற மூவரும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பெஞ்சில் இருந்தார்கள்.

"கையை மேல தூக்குங்க. மூச்சை இழுத்துப் பிடிங்க" என்றார் எக்ஸ்ரே எடுப்பவர்.

தவசிமணி பாலிசியோடு இரண்டு கைகளையும் தூக்கினார். மூச்சை இழுத்தார். பெஞ்சிலிருந்த மூவரும் இழுத்தார்கள். அந்த நேரம் பார்த்து கரண்டு போனது. எக்ஸ்ரேக்காரர் ஜெனரேட்டரைப் பார்க்கப் போய்விட்டார். தவசிமணி சொன்னபடி நின்றுகொண்டிருந்தார். முக்கால் நிமிஷம் கழிந்து அவர் ரகசியமாக மூச்சு விட்டார், ஆனால் கையை இறக்கவில்லை. ஊதுகிறவன் என்பதால் பிச்சைக்கனி தாக்குப்பிடித்தான். இருளப்பன் ஊதா நிறமானான். சூசைராஜ் பெஞ்சோடு சாய்ந்தான்.

முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பினார்கள். பாரத்தில் மயக்கம் வந்தது உண்டா என்ற கேள்விக்குச் சூசைராஜ் முன்பு இல்லை என்று போட்டிருந்தான். எதையும் மறைக்கக் கூடாது என்பதால் பேனா வாங்கி அடித்துவிட்டு, "உண்டு, உங்கள் பெஞ்சில்" என்று எழுதினான்.

கார்த்திகை பிறந்தது. பிச்சைக்கனியின் புடைப்பு எலுமிச்சம்பழத்திலிருந்து சாத்துக்குடிக்கு வந்திருந்தது. பத்மலோசனி மணியாரம்பட்டிக்கே வந்தாள்.

"நல்ல சேதிண்ணே. உங்களைச் சேர்த்துக்கிறாங்க. உங்க ஒன்பது வருஷமும் கூடவே வந்துடும். குடலிறக்கத்துக்குக் காத்திருக்க வேண்டாம்."

"மெஷின்?" என்றார் தவசிமணி.

"அது புதுசா சேர்றவங்களுக்கு. நீங்க ஒன்பது வருஷத்தோட வர்றீங்க."

"அந்த ஒன்பதை அங்கேயே விட்டுட்டு வந்தா?"

"மெஷின் உண்டு. ஆனா குடலிறக்கத்துக்குப் பணம் வர ரெண்டு வருஷம் காத்திருக்கணும்."

வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்வதாக அவளை அனுப்பிவிட்டு நான்கு பேரும் உட்கார்ந்து பேசினார்கள்.

"பிச்சைக்கனி பழசா இருக்கட்டும். நாம மூணு பேரும் புதுசாயிடலாம்" என்றான் இருளப்பன்.

"ஊர்வலத்துல யாரு முன்னால போறது, பழசா புதுசா?" என்று கேட்டார் தவசிமணி.

சூசைராஜ் விரலில் கணக்குப் போட்டான். "அண்ணே, பிச்சைக்கனிதான் ஒன்பது வருஷம். அவன் குடலிறக்கம் மூணு மாசம்தானே ஆகுது? அது புதுசுதான். அதை மட்டும் தனியா சேர்த்துட்டா அதுக்கு ஒரு மெஷின் உண்டுல்ல?"

பிச்சைக்கனி குனிந்து தன் வயிற்றைப் பார்த்தான். மெஷினை வாங்கிக்கொள்கிற நிலையில் அது இருப்பதாக அவனுக்குத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள் ஒரு கல்யாணம். கிளாரினெட்டுக்கு இரண்டு கை வேண்டும். தவசிமணியிடம் இருந்தது ஒன்று. ஆகவே இருளப்பன் சின்ன டிரம்மை இறக்கி வைத்துவிட்டு, அவர் பின்னால் நின்று கழுத்தைச் சுற்றிக் கையை விட்டு மேல் துளைகளை அடைத்தான். எதை எப்போது அடைப்பது என்று தெரியாததால் சின்ன டிரம் கணக்கில் அடைத்தான். பெண் வீட்டார் இது புதுப் படப் பாட்டு போல என்று பேசாமல் இருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தவர்கள் மட்டும் ஒருவன் இன்னொருவனின் கழுத்தை நெரிக்கிறான் என்று விலக்கிவிட ஓடிவந்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் பிச்சைக்கனி ட்ரம்பெட்டை மடியில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்ததை யாரும் கவனிக்கவில்லை. கவனித்தபோது அவன் முகமெல்லாம் வியர்வை. மாப்பிள்ளை அழைப்புக் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

"குடல் சிக்கிக்கிட்டிருக்கு. இப்பவே ஆபரேஷன்" என்றார் டாக்டர்.

இன்சூரன்ஸ் மேஜையில் இருந்தவர் கேட்டார். "எந்தக் கம்பெனி?"

"அதைத்தான் நாளைக்கு முடிவு பண்றதா இருக்கோம்" என்றார் தவசிமணி.

தள்ளுவண்டியில் பிச்சைக்கனி படுத்திருந்தான். வண்டிக்கு இரண்டு பக்கமும் நின்று மற்றவர்கள் விவாதத்தைத் தொடர்ந்தார்கள். இன்றைக்குப் பழைய கம்பெனியில் ஆபரேஷன் செய்துகொண்டால், நாளைக்கு நாம் புதுசு என்று எந்த முகத்தோடு போய் நிற்பது என்றான் சூசைராஜ். குடலை ஒரு நாள் பொறுக்கச் சொல்ல முடியுமா என்று டாக்டரைக் கேட்கலாம் என்றான் இருளப்பன். தவசிமணி யோசிப்பதற்காக வலது கையை உயர்த்தினார். கை உயர்ந்ததால் இருவரும் பேச்சை நிறுத்தாமல் இன்னும் வேகமாகப் பேசினார்கள்.

பிச்சைக்கனி மெல்லச் சொன்னான். "அண்ணே, நான் பழசாவே இருந்துட்டுப் போறேன்ணே."

அவர்களில் ஒருவனுக்குத் தனியாக ஒரு யோசனை வந்தது அதுதான் முதல் தடவை. தவசிமணி அவன் பக்கம் திரும்பினார். பிறகு கையைக் கீழே இறக்கினார். பேச்சு நின்றது.

"நெடுநிழல் ஹெல்த்" என்றார்.

"பாலிசியைக் கொடுங்க, ஜெராக்ஸ் எடுக்கணும்."

தவசிமணி இடது கையை நீட்டினார். மேஜைக்காரர் பேப்பரை இழுத்தார். அது வரவில்லை. புதுசு வரும்வரை பழசு கையிலேயே இருக்க வேண்டும் என்று அவருக்கு விளக்கப்பட்டது. பிச்சைக்கனி முனகினான். கடைசியில் தவசிமணியின் கையை ஜெராக்ஸ் மெஷின்மேல் வைத்து மூடியை அமுக்கினார்கள். நான்கு விரலும், ஒரு மோதிரமும், நடுவில் பாலிசி நம்பரும் தெளிவாக விழுந்திருந்தன. ஒரு மணி நேரத்தில் கம்பெனி சம்மதம் அனுப்பியது. ஒரே ஒரு விளக்கம் கேட்டிருந்தது: நகலில் காணப்படும் விரல்கள் நோயாளியுடையவையா?

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. ஆறு வாரம் ஊதக் கூடாது, தையில் ஊதலாம் என்றார் டாக்டர். பழைய கம்பெனிக் கணக்கில் ஒரு ஆபரேஷன் நடந்துவிட்ட நான்கு பேரைப் புதுசு என்று எப்படிச் சேர்ப்பது என்று அவர்களே கேட்டுக்கொண்டு, பத்மலோசனிக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். புது பாலிசி வரவே இல்லை. ஆகவே பழையது தவசிமணியின் கையிலேயே இருந்தது.

வீட்டுக்குப் புறப்படும்போது ஆஸ்பத்திரி வரவேற்பில் பிச்சைக்கனியிடம் ஒரு நீல அட்டையைக் கொடுத்தார்கள். இருளப்பன் எழுத்துக்கூட்டிப் படித்தான். "எங்கள் பழைய நோயாளிகளுக்கு. இந்த அட்டையுடன் அறுவைச் சிகிச்சைக்கு மூன்று பேரை அழைத்து வந்தால், தங்களுக்கு ஒரு பிரஷர் பார்க்கும் மெஷின் இலவசம். பங்குனி முடிய." அடியில் மேனேஜரின் கையெழுத்து, பச்சை மையில்.

சூசைராஜ் அந்தக் கையெழுத்தை விரலால் தடவிப் பார்த்தான். "பழசுக்கு மரியாதை தர்ற இடம்ணே இது."

"மூணு பேரு" என்றார் தவசிமணி. மற்ற இருவரையும் பார்த்தார். அவர்களும் அவரைப் பார்த்தார்கள்.

தை முதல் முகூர்த்தத்தில் மணியாரம்பட்டி பேண்டு செட் நான்கு ட்ரம்பெட்டுடன் வந்து இறங்கியது.

"டிரம் எங்கப்பா?" என்று கேட்டார் பெண்ணின் அப்பா.

"டிரம் அடிச்சா குடல் இறங்க மாட்டேங்குதுங்க" என்றான் சூசைராஜ்.

தவசிமணிக்கும் ட்ரம்பெட் வசதியாகத்தான் இருந்தது. அதற்கு ஒரு கை போதும். நான்கு பேரும் வயிற்றை எக்கி ஊதினார்கள். தாலி கட்டியாகிவிட்டது. இப்போது வலது கையை உயர்த்தி இறக்க வேண்டும். வலது கையில் ட்ரம்பெட் இருந்தது, இடது கையில் பாலிசி. இரண்டையும் விடுவதற்கில்லை. மற்ற மூவரும் அந்தக் கை எப்போது உயரும் என்று பார்த்துக்கொண்டே ஊதினார்கள். கடைசிப் பந்தியும் எழுந்தது. பந்தல்காரர்கள் மூங்கிலைப் பிரிக்க வந்தபோது பிச்சைக்கனி மட்டும் ஒரு கணம் ஊதுவதை நிறுத்தி, மற்ற மூவரின் அடிவயிற்றையும் வரிசையாக ஒருமுறை உற்றுப் பார்த்தான். இன்னும் ஒன்றும் தெரியவில்லை. மறுபடியும் ட்ரம்பெட்டை வாயில் வைத்துக்கொண்டான்.